வாய் ஏன் திறக்கவில்லை? தாடை மூட்டைப் பற்றி ஒரு பாடம்

இக்கட்டுரையைப் படிக்கத் தொடங்குமுன் ஒரு சிறு சோதனை செய்து பாருங்கள். இரண்டு ஆள்காட்டி விரல்களையும் காதுத் துளைக்குச் சற்று முன்னால் வையுங்கள். இப்போது வாயை மெல்லத் திறந்து மூடுங்கள். விரலின் கீழ் உருண்டையாக ஏதோ ஒன்று முன்னே நகர்ந்து, பிறகு பின்னே வந்து அமர்வதை உணர்வீர்கள். சிலருக்கு 'டக்' என்ற ஓசையும் கேட்கும். அதுதான் தாடை மூட்டு. பேசும்போதும் மெல்லும்போதும் கொட்டாவி விடும்போதும் எச்சில் விழுங்கும்போதும் இது வேலை செய்கிறது. ஆனாலும் இப்படி ஒரு மூட்டு நமக்கு இருப்பதே நம்மில் பலருக்குத் தெரியாது. முழங்கால் வலித்தால் மூட்டு வலி என்று சரியாகச் சொல்லும் நம் பாட்டிமார்கள், இந்த இடத்தில் வலி வந்தால் 'காது குத்துது' அல்லது 'பல்லு கொடையுது' என்றுதான் சொல்வார்கள்.

நான் பல் மருத்துவம் பயிலும் மாணவி. பிறந்து வளர்ந்தது பினாங்கு மாநிலம், செபராங் பிறை தென் மாவட்டத்தில், நிபோங் திபாலை அடுத்த பைராம் தோட்டத்தில். மொழிக் கழக ஆண்டிதழுக்கு ஓர் அறிவியல் கட்டுரை வேண்டும் என்று தோழர்கள் கேட்டபோது, வேறு தலைப்பைத் தேட எனக்குத் தோன்றவில்லை. 'வாயைத் திறக்க முடியல' என்ற ஒரே முறையீட்டோடு எங்கள் தோட்டத்தில் இரண்டு பெண்களைப் பார்த்தேன். இருவருக்கும் இருந்தது ஒரே நோயன்று. ஒருவரின் நோய் வலி மிகுந்தது, ஆனால் உயிருக்கு ஆபத்தில்லாதது. மற்றவரின் நோயில் மூட்டு வலியே இல்லை, ஆனால் அதுதான் ஆபத்தானது. இந்த வேறுபாட்டை நம் வீட்டுப் பெரியவர்களுக்கு எடுத்துச் சொல்ல நாம் மருத்துவர்களாக இருக்க வேண்டியதில்லை. மூட்டின் அமைப்பு கொஞ்சம் தெரிந்திருந்தால் போதும்.

முகத்தின் எலும்புகள்

மண்டையோட்டில் மொத்தம் 22 எலும்புகள் உள்ளன. அவற்றுள் 8 மூளையைப் பொதிந்து காக்கின்றன. மீதமுள்ள 14 எலும்புகளே நம் முகத்துக்கு வடிவம் தருகின்றன. மேல்தாடை, கன்ன எலும்பு, மூக்கெலும்பு, கண்ணீர்ப்பை எலும்பு, அண்ண எலும்பு, மூக்கினுள் சுருண்டிருக்கும் கீழ்ச்சுருள் எலும்பு ஆகியவை இரண்டிரண்டாக அமைந்தவை. மூக்கை இரண்டாகப் பிரிக்கும் நடு எலும்பும் கீழ்த்தாடையும் ஒற்றை எலும்புகள். இந்தப் பதினான்கில் பதின்மூன்று ஒன்றோடொன்று இறுகப் பொருந்தி அசையாமல் நிற்கின்றன. அசைவது கீழ்த்தாடை மட்டுமே.

கீழ்த்தாடையை ஒரு லாடமாகக் கற்பனை செய்துகொள்ளுங்கள். லாடத்தின் இரு முனைகளும் பின்னால் மேல்நோக்கி எழுகின்றன. எழுந்த ஒவ்வொரு தண்டின் உச்சியிலும் இரண்டு கொம்புகள் உண்டு. முன்கொம்பில் பொட்டுத் தசை வந்து பற்றுகிறது. பின்கொம்பின் தலை உருண்டு, குமிழ் போல இருக்கிறது. அந்தக் குமிழ், காதுக்கு முன்னே பொட்டெலும்பில் உள்ள ஒரு குழியில் போய் அமர்கிறது. குமிழுக்கும் குழிக்கும் நடுவே மெல்லிய ஒரு தட்டு உண்டு. அதை மூட்டுத்தட்டு என்போம். நடுவில் மெலிந்தும் ஓரங்களில் தடித்தும் இருக்கும் அந்தத் தட்டின் நடுப்பகுதியில் இரத்தக் குழாய்களோ நரம்போ இல்லை. எனவே தட்டு கிழிந்தால் தானாகக் கூடிக்கொள்வது அரிது.

முழங்கை கதவின் கீல் போல மடங்குகிறது. தாடை மூட்டு கீலாகவும் வேலை செய்கிறது, மேசை இழுப்பறை போலவும் வேலை செய்கிறது. வாயைத் திறக்கத் தொடங்கும்போது முதல் 20 முதல் 25 மில்லிமீட்டர் வரை குமிழ் இருந்த இடத்திலேயே சுழல்கிறது. அதற்கு மேல் திறக்க வேண்டுமானால், குமிழும் தட்டும் சேர்ந்து குழியை விட்டு முன்னே வழுக்கி இறங்க வேண்டும். இந்த இரண்டாவது அசைவைத்தான் சற்று முன் உங்கள் விரல் உணர்ந்தது. பெரியவர்களின் வாய் பொதுவாக 40 முதல் 55 மில்லிமீட்டர் வரை திறக்கும். அளவுகோல் இல்லாவிட்டால், நம்முடைய மூன்று விரல்களைச் சேர்த்து, மேல் கீழ் முன்பற்களுக்கு நடுவே செங்குத்தாக நுழைத்துப் பார்க்கலாம். மூன்றும் நுழைந்தால் போதுமான திறப்பு. இரண்டுதான் நுழைகிறது என்றால் காரணத்தைத் தேட வேண்டும்.

இன்னொரு விந்தை. வலது முழங்கால் மடங்கும்போது இடது முழங்கால் சும்மா இருக்கலாம். தாடையில் அது நடவாது. ஒரே எலும்பின் இரு முனைகளிலும் மூட்டு இருப்பதால், ஒன்று அசைந்தால் மற்றதும் அசைந்தே ஆக வேண்டும். ஒரு பலகையை இருவர் இரு முனையிலும் பிடித்துத் தூக்கிச் செல்கையில் ஒருவர் நின்றுவிட்டால் பலகை அவர் பக்கமாகத் திரும்பும் அல்லவா? அதுபோலவே, ஒரு பக்க மூட்டு சிக்கிக்கொண்டால், வாய் திறக்கும்போது நாடி அந்தப் பக்கமாகக் கோணும். நோயாளியின் எதிரே நின்று இதைக் கவனித்தாலே பாதி நோய் புலப்பட்டுவிடும் என்பது என் எண்ணம்.

குமிழுக்குக் கீழே எலும்பின் கழுத்து மெலிந்திருக்கும். மோட்டார் சைக்கிளிலிருந்து விழுந்து நாடி தரையில் மோதினால், அடிபட்ட நாடியை விட்டுவிட்டுக் காதருகே உள்ள இந்தக் கழுத்து முறிவது உண்டு. இதில் ஒரு நன்மையும் இருக்கிறது. குமிழ் அமரும் குழியின் கூரை மிக மெல்லியது, அதற்கு மேலே மூளை. கழுத்து முறிந்து அடியின் வேகத்தைத் தாங்கிக்கொள்வதால் பெரும்பாலும் மூளை தப்புகிறது. ஆகவே நாடியில் தையல் போட்டதோடு வீட்டுக்கு அனுப்பப்பட்டவர், மறுநாள் பற்கள் சரியாகச் சேரவில்லை என்றாலோ காதருகே வலிக்கிறது என்றாலோ எக்ஸ்ரே எடுத்தாக வேண்டும்.

தமிழில் இவற்றுக்கெல்லாம் சொல் உண்டா என்று விடுதித் தோழி ஒருத்தி கேட்டாள். தாடை, மோவாய், நாடி, அலகு, கதுப்பு, கவுள் என்று முகத்தின் கீழ்ப்பாதிக்கு மட்டும் எத்தனை சொற்கள்! 19-ஆம் நூற்றாண்டிலேயே யாழ்ப்பாணத்து மானிப்பாயில் மருத்துவர் சாமுவேல் கிறீன் உடற்கூற்றியலைத் தமிழில் கற்பித்தார். 'மனுஷ அங்காதிபாதம்' என்ற பெயரில் நூலும் வெளிவந்தது. சொல் இல்லை என்பது நம் மொழியின் குறை அன்று. இருக்கும் சொல்லை மருத்துவ அறைக்குள் கொண்டுபோகாததுதான் குறை.

மூட்டு நோய்கள்

தாடை மூட்டுக் கோளாறு என்பது ஒரே நோயின் பெயரன்று. பெரும்பாலானோருக்கு வலி மூட்டில் இல்லை, தசையில்தான். உறக்கத்தில் பல்லை நறநறவெனக் கடிப்பவர்கள், கவலையில் தம்மை அறியாமல் பற்களை இறுக்கிக்கொண்டிருப்பவர்கள் ஆகியோருக்குக் கன்னத்து மெல்லு தசையும் பொட்டுத் தசையும் காலையில் கனக்கும், தலைவலிக்கும். தேர்வுக் காலத்தில் நம் விடுதியிலேயே இவர்களைக் காணலாம். பற்கள் ஒன்றையொன்று தொட வேண்டியது மெல்லும்போதும் விழுங்கும்போதும் மட்டுமே. சும்மா இருக்கும்போது உதடு மூடியிருக்க வேண்டும், பற்கள் சற்று விலகியிருக்க வேண்டும். இதை இப்போதே சோதித்துப் பாருங்கள்.

அடுத்தது மூட்டுத்தட்டு இடம் பெயர்தல். தட்டு குமிழின் தலையிலிருந்து முன்னே நழுவிவிடும். வாய் திறக்கும்போது குமிழ் தாவி மீண்டும் தட்டின்மேல் ஏறும். அந்தத் தாவல்தான் 'டக்' ஓசை. வலியில்லாத இந்த ஓசை நலமாக உள்ள பலருக்கும் உண்டு, அதற்குச் சிகிச்சையே வேண்டாம். ஓசை கேட்கிறதே என்று பயந்து பணம் செலவழிப்போரைக் கண்டால் எனக்கு வருத்தமாக இருக்கும். ஆனால் சிலருக்கு ஒருநாள் குமிழ் தட்டின்மேல் ஏற முடியாமல் போகும். அன்றோடு ஓசை நின்றுவிடும், வாயும் பாதியில் நின்றுவிடும். இதைப் பூட்டிக்கொண்ட தாடை என்று சொல்லலாம்.

மூட்டுத் தேய்மானம், முடக்குவாதம் ஆகியவை முழங்காலைத் தாக்குவது போலவே இந்த மூட்டையும் தாக்கும். குழந்தைப் பருவத்தில் நாடியில் அடிபட்டோ காதில் சீழ் வைத்தோ மூட்டு எலும்போடு எலும்பாக ஒட்டிக்கொண்டவர்களும் இருக்கிறார்கள். தாடையின் வளர்ச்சி குன்றி, வளர்ந்த பின்னும் அவர்களின் நாடி சிறுத்துக் காணப்படும். மாறாக, தாடை முன்தள்ளியோ முகம் நீண்டோ இருப்பது மட்டும் மூட்டு நோய்க்குக் காரணமாகிவிடாது. அப்படிப்பட்ட முக அமைப்பை அறுவையால் சீராக்க விரும்புவோர், எலும்பு வளர்ச்சி முடியும்வரை பொதுவாகக் காத்திருக்க வேண்டும்.

இரண்டு பெண்கள்

முதலாமவர் என் அத்தை. செம்பனைக் காட்டில் வேலை, வயது நாற்பதைத் தாண்டியவர். பல ஆண்டுகளாகவே சாப்பிடும்போது அவர் தாடையில் சத்தம் வரும். பிள்ளைகள் நாங்கள் அதைக் கேட்டுச் சிரிப்போம். ஒருநாள் காலையில் எழுந்தபோது சத்தம் இல்லை, வாயும் திறக்கவில்லை, இடது காதில் குத்தல். நகரத்துத் தனியார் கிளினிக் ஒன்றில் கடைவாய்ப் பல்தான் காரணம் என்று சொல்லி இரண்டு பற்களைப் பிடுங்கினார்கள். வலி அப்படியே இருந்தது. விடுமுறையில் நான் வீட்டுக்குப் போனபோது, "பல்லும் போச்சு, வலியும் போகல பாப்பா, இன்னும் எத்தனையப் புடுங்கணும்னு கேட்டுச் சொல்லு" என்றார். முன்பற்களுக்கு நடுவே அளந்தேன்: 26 மில்லிமீட்டர். திறக்கும்போது நாடி இடது பக்கமாகக் கோணியது. கன்னத்தின் உட்புறம் பஞ்சு போல மென்மையாக, இளஞ்சிவப்பாக இருந்தது. அரசு மருத்துவமனையில் பார்த்தவர்களும் இடது மூட்டுத்தட்டுதான் காரணம் என்றார்கள்.

மற்றவர் எங்கள் வீட்டு வரிசையின் கடைசி வீட்டுப் பாட்டி. அத்தையைப் பார்க்க வந்தவர், "எனக்கும் அதேதான், வயசாயிடுச்சில்ல" என்றார். நாற்பது ஆண்டுகளாக வெற்றிலை போடுபவர். அவர் வாய் ஒரே நாளில் பூட்டிக்கொள்ளவில்லை, ஆண்டுக்கணக்கில் சிறுகச் சிறுகச் சுருங்கியிருந்தது. இரண்டு விரல்கூட நுழையவில்லை. நாடி நேராகவே இறங்கியது. காதருகே அழுத்தினால் வலியில்லை. ஆனால் மிளகாய் பட்டால் வாய் எரியும் என்றார். கன்னத்தின் உள்ளே கைவிளக்கு அடித்துப் பார்த்தேன். வெளுத்துப்போய், தொட்டால் கயிறு கட்டியது போல விறைப்பான பட்டைகள் தென்பட்டன.

இது மூட்டு நோயே அன்று. வாயின் உட்தோலுக்கு அடியில் நார்த்திசு பெருகி இறுகும் நோய். கென்யாவில் வாழ்ந்த ஐந்து இந்தியப் பெண்களிடம் கண்டு இதை 1952-இல் ஷ்வார்ட்ஸ் என்பவர் எழுதினார். மறு ஆண்டே பம்பாயில் மருத்துவர் ஜோஷி இதை விவரித்தார். அப்போது காரணம் தெரியவில்லை. இப்போது தெரியும்: வெற்றிலையன்று, பாக்கு. பாக்கில் உள்ள அரிகோலின் என்ற பொருள் நார்த்திசு உற்பத்தியைத் தூண்டுகிறது. பாக்கில் மிகுந்திருக்கும் செம்புச்சத்து அந்த நார்களை ஒன்றோடொன்று பின்னி இறுக்கத் துணைபோகிறது. புகையிலை சேர்க்காமல் போடும் தாம்பூலமும், ஏன் பாக்கு மட்டுமே கூட, புற்றுநோய் உண்டாக்கும் என்று அனைத்துலகப் புற்றுநோய் ஆய்வு நிறுவனம் 2004-இல் அறிவித்தது. கேரளத்து எர்ணாகுளம் மாவட்டத்தில் இந்நோய் கண்ட 66 பேரை 17 ஆண்டுகள் வரை தொடர்ந்து கவனித்தபோது, 7.6 விழுக்காட்டினருக்கு வாய்ப் புற்றுநோய் வந்தது. 1985-இல் அந்த முடிவு வெளியானது.

நம் மாநிலத்தின் பெயரே பாக்கு மரத்தின் பெயர்தான். மாநிலக் கொடியின் நடுவிலும் அந்த மரம் நிற்கிறது. வெற்றிலை பாக்கு இல்லாமல் நம் வீட்டில் பரிசமும் இல்லை, பந்தியும் இல்லை. தாம்பூலத்தைத் தட்டில் வைப்பதை நான் குறை கூறவில்லை. அன்றாடம் கன்னத்தில் அடக்கி வைப்பதைப் பற்றித்தான் பேசுகிறேன். மலேசியாவில் வாய்ப் புற்றுநோய் இந்தியர்களிடையே மற்ற பல இனத்தாரைவிட அதிகம் காணப்படுவதற்கு இப்பழக்கம் ஒரு பெருங்காரணம். அதனால்தான் சுகாதார அமைச்சின் வாய்ப் புற்றுநோய்ப் பரிசோதனைத் திட்டம் தோட்டங்களைக் குறிவைத்தது.

பினாங்கில் 1949-இல் தொடங்கிய பல் தாதியர் பயிற்சியால் பள்ளிப் பிள்ளைகளின் பற்கள் கவனிக்கப்பட்டன. எங்கள் பள்ளிக்கும் தாதியர் வந்தார்கள், நாங்கள் வரிசையில் நின்று வாயைக் காட்டினோம். நாங்கள் வீடு திரும்பியபோது திண்ணையில் பாக்கு இடித்துக்கொண்டிருந்த பாட்டியின் வாயை யாரும் பார்க்கவில்லை. பரிசோதனைக் குழு தோட்டத்துக்கு வந்தாலும் பகலில் வேலைக்காட்டில் இருப்பவர்கள் தவறிவிடுவார்கள்; 'நமக்கென்ன பல்லா இருக்கு' என்று வராதவர்களும் உண்டு.

பாட்டியை அழைத்துப்போகத்தான் எனக்குப் பெரும்பாடு. "ஊசி போட்டுக் கிள்ளி எடுத்தா, இல்லாததும் வந்துரும்" என்றார். சதையைக் கிள்ளிச் சோதிப்பதால் புற்றுநோய் பரவும் என்ற அச்சம் நம்மவரிடையே ஆழமாக இருக்கிறது. அது தவறு. கிள்ளிச் சோதிக்காமல் விட்டு, பிந்திக் கண்டுபிடிப்பதுதான் உயிரை வாங்கும்.

என்ன சிகிச்சை?

அத்தைக்கு நேர்ந்தது உலகம் முழுதும் நேர்ந்ததுதான். 1934-இல் அமெரிக்காவின் செயின்ட் லூயிஸ் நகரக் காது மூக்கு தொண்டை மருத்துவர் ஜேம்ஸ் காஸ்டன், காது வலிக்குத் தாடை மூட்டும் காரணமாகலாம் என்று எழுதினார். அது நல்ல கவனிப்பு. ஆனால் கடைவாய்ப் பற்கள் போய்க் கடி தாழ்ந்ததே மூலகாரணம் என்ற அவரது விளக்கம் நிலைக்கவில்லை. எனினும் அதைப் பற்றிக்கொண்டு பல்லைத் தேய்ப்பதும் உயர்த்துவதும் பல தலைமுறை தொடர்ந்தன. 1980-களில் அமெரிக்காவில் பழுதான மூட்டுத்தட்டை எடுத்துவிட்டு டெஃப்லான் கலந்த செயற்கைத் தட்டைப் பொருத்தினார்கள். அது மெல்லும் அழுத்தத்தில் துகள்துகளாகச் சிதைந்தது. துகள்களை எதிர்த்துப் போராடிய உடல், அருகிலிருந்த எலும்பையே அரித்தது. 1990-இன் இறுதியில் அந்நாட்டு உணவு, மருந்து நிர்வாகம் எச்சரித்த பிறகு அவை திரும்பப் பெறப்பட்டன. அதற்குள் பலரின் தாடை பாழாகியிருந்தது.

2023 டிசம்பரில் பிரிட்டிஷ் மருத்துவ இதழில் ஓர் அனைத்துலகக் குழுவின் வழிகாட்டி வெளியானது. நாட்பட்ட தாடை மூட்டு வலிக்கு அக்குழு முன்வைத்தவை எளியவை: நோயை விளக்கி அச்சம் நீக்குதல், மேற்பார்வையுடன் தாடைப் பயிற்சி, தசையைக் கையால் பிடித்து இளக்குதல், மன இறுக்கத்தைக் கையாளப் பழகுதல். கடியை நிரந்தரமாக மாற்றிவிடும் தட்டுகளையும், மூட்டுத்தட்டை அகற்றும் அறுவையையும் அது உறுதியாக எதிர்த்தது. இரவில் மாட்டிக் காலையில் கழற்றும் சாதாரணத் தட்டையும்கூட அது பரிந்துரைக்கவில்லை. இதைப் பல பல் மருத்துவர்கள் ஏற்கத் தயங்குகிறார்கள், ஏனெனில் அத்தட்டால் நலம் கண்ட நோயாளிகள் அவர்களிடம் இருக்கிறார்கள். இந்த விவாதம் ஓயச் சில காலம் ஆகலாம். எலும்பு முறிவு, ஒட்டிக்கொண்ட மூட்டு, கட்டி போன்றவற்றுக்கு அறுவை வேண்டியதுதான், அதில் ஐயமில்லை.

அத்தைக்குச் சொல்லப்பட்டவை இவைதாம்: சில வாரங்களுக்குக் கஞ்சி, இட்லி போன்ற மென்மையான உணவு; கன்னத்தில் வெந்நீர் ஒத்தடம்; கொட்டாவி வரும்போது நாடிக்குக் கீழே கையை முட்டுக்கொடுத்தல்; பல்லைக் கடிக்காமலிருக்க நினைவூட்டல்; நாளுக்குச் சில முறை விரலால் மெல்ல வாயைத் திறக்கும் பயிற்சி. எலும்புக்குப் பழகும் பொறுமை வேண்டும் என்று மருத்துவர் சொன்னாராம். ஐந்து மாதத்தில் 38 மில்லிமீட்டர் வந்தது. தட்டு பழைய இடத்துக்குத் திரும்பிவிட்டது என்று இதற்குப் பொருளில்லை. தட்டின் பின்னால் உள்ள திசு இழுபட்டுத் தடித்து, தட்டு போலவே வேலை செய்யப் பழகிக்கொள்கிறது. பிடுங்கிய இரண்டு பற்கள்தாம் திரும்ப வரவில்லை.

பாட்டிக்கு அப்படி ஒரு திருப்பம் இல்லை. இறுகிய நார் தானாக இளகுவதில்லை. பயிற்சியாலும் மருந்தாலும், முற்றிய நிலையில் அறுவையாலும் திறப்பைக் கொஞ்சம் மீட்கலாம், அவ்வளவே. பாக்கை விட்டாலும் புற்றுநோய் அபாயம் முற்றிலும் நீங்காது. ஆகவே தொடர்ந்து பரிசோதனைக்குப் போக வேண்டும். கிள்ளிச் சோதித்த சதையில் இம்முறை புற்றுநோய் இல்லை. சில மாதங்களுக்கு ஒருமுறை வரச்சொல்லி அட்டை கொடுத்திருக்கிறார்கள். பாக்கு உரலை மகளிடம் கொடுத்துவிட்டதாகப் போன விடுமுறையில் சொன்னார். மகளோ, உரல் அவர் கட்டிலுக்கு அடியில்தான் இருக்கிறது என்கிறார். அடுத்த தேதிக்கு அவரை அழைத்துப்போக என் தம்பி விடுப்பு எடுத்திருக்கிறான்.